செர்மாட்டில் ஒரு குளிர்காலப் பருவம்: உழைப்பும் உறைவிடமும்

ஆல்ப்ஸ் மலைத்தொடரில் பனிச்சறுக்கை நம்பி வாழும் ஊர்கள் பல இருப்பினும், சுவிட்சர்லாந்தின் வாலிஸ் மாநிலத்தில், மேட்டர்ஹார்ன் சிகரத்தின் அடியில் ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் அமைந்த செர்மாட், அவ்வூர்களின் வாழ்க்கை முறையை மிகத் தெளிவாகக் காட்டுவதாகும். ஆறாயிரத்துக்கும் குறைவானவர்களே நிலையாக வாழும் இச்சிற்றூரில், டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அத்தொகையைப் போலப் பல மடங்கு விருந்தினர் வந்து தங்குகின்றனர். அவர்களுக்குச் சமைக்கவும், அறைகளைத் துப்புரவு செய்யவும், சறுக்குப் பலகைகளைச் சீர்செய்யவும், கம்பிவட ஊர்திகளை இயக்கவும், படிக்கட்டிலுள்ள பனியை விடியுமுன் வாரவும் ஒரு பெருங்கூட்டம் வெளியூர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வந்து, பருவம் முடிந்ததும் திரும்பிச் செல்கிறது. இவர்களே பருவத் தொழிலாளர் எனப்படுவோர். இத்தகைய ஊர்களைப் பற்றிய பயண நூல்கள் பனியின் தரத்தையும் சரிவின் நீளத்தையும் விரிவாக எழுதுகின்றன. ஆனால் இவ்வூர்களில் வேலை செய்து பழகியவர்கள் முதலில் கேட்பது பனி எவ்வளவு பெய்தது என்பதன்று, பணியாளருக்கு அறை கிடைத்ததா என்பதுதான். பனி ஓராண்டு குறையும், மறு ஆண்டு கூடும்; தொழிலாளி படுப்பதற்கான இடமோ ஒவ்வோர் ஆண்டும் குறைந்துகொண்டே வருகிறது என்பதே இத்தொழிலில் உள்ளோர் பலரின் அனுபவம்.

இக்குறைவுக்கு நிலத்தின் அமைப்பே முதற்காரணம். செர்மாட் ஒரு குறுகிய பள்ளத்தாக்கின் கடைசி ஊர். மூன்று பக்கமும் நாலாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்கள் சூழ்ந்திருக்க, வடக்கே மட்டும் வழி திறந்திருக்கிறது. பனிச்சரிவு ஆபத்து மிகுந்த இடங்களில் வீடு கட்ட அனுமதி இல்லை என்பதாலும், எஞ்சிய இடம் செங்குத்தானது என்பதாலும், கட்டத்தக்க நிலம் மிகச் சிறிது. பெட்ரோல், டீசல் ஊர்திகளுக்கு ஊருக்குள் இடமில்லை. காரில் வருவோர் ஐந்து கிலோமீட்டர் கீழேயுள்ள டேஷ் என்னும் ஊரில் வண்டியை நிறுத்திவிட்டு ரயிலில் ஏறி வரவேண்டும். ஊருக்குள் ஓடுபவை பெட்டி போன்ற சிறிய மின்சார வண்டிகளே. வெளியூர்க்காரருக்கு இந்த அமைதி பெரிய ஈர்ப்பாக இருக்கிறது. பணியாளருக்கு இதன் பொருள் வேறு. அரிசி மூட்டையிலிருந்து சலவைத் துணி வரை பெரும்பாலான சரக்கு ரயில் நிலையத்தில் இறங்கி, மின்வண்டியில் மாறி, குளிரில் பலமுறை கைமாறியே சமையலறையை அடைகிறது. ஒரு ஹோட்டலின் பொருள் வாங்கும் பொறுப்பாளர் வானிலை அறிக்கையை விருந்தினரைக் காட்டிலும் கவனமாகப் படிப்பதற்கு இதுவே காரணம்.

குளிர்காலம் இவ்வூருக்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்த தொழில் என்பதை மறத்தல் ஆகாது. அலெக்சாண்டர் சைலர் 1855இல் மான்டே ரோசா ஹோட்டலைத் திறந்தபோது விருந்தினர் அனைவரும் கோடையில் மலையேற வந்தவர்களே. 1865 ஜூலை 14 அன்று எட்வர்ட் விம்பரின் குழு மேட்டர்ஹார்னின் உச்சியை முதன்முதலில் அடைந்து, இறங்கும்போது நால்வரை இழந்த செய்தி ஐரோப்பா முழுவதும் பரவியபின் அவ்வருகை பெருகிற்று. 1891இல் வந்த ரயில்பாதை பல பத்தாண்டுகள் கோடையில் மட்டுமே ஓடியது. 1898இல் திறக்கப்பட்டு 3,089 மீட்டர் உயரம் வரை ஏறும் கோர்னர்கிராட் பல்சக்கர ரயிலும் கோடைக்காகக் கட்டப்பட்டதே. 1920களின் இறுதியிலும் 1930களிலுந்தான் குளிர்காலத்தில் ஹோட்டல்களும் ரயிலும் இயங்கத் தொடங்கின. அதுவரை உள்ளூர் மக்கள் குளிர்காலத்தைக் கால்நடைகளோடும் விறகோடும் கழித்தவர்கள். இவ்வரலாற்றில் பருவத் தொழிலாளர் நினைவில் கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. இன்று ஊரின் தந்தை போலக் கொண்டாடப்படும் அதே சைலர், அதே மாநிலத்தின் வேறொரு ஊரில் பிறந்தவர் என்பதால், செர்மாட்டின் ஊர்க்குடியுரிமை அவருக்கு மறுக்கப்பட்டது. நெடுங்கால வழக்குக்குப் பின்னர் 1889இல்தான் அது கிடைத்தது. வெளியிலிருந்து வந்த உழைப்பை ஏற்பதும், உழைத்தவரை ஊராராக ஏற்பதும் இரு வேறு காரியங்கள் என்பது இவ்வூருக்குத் தொடக்கத்திலிருந்தே தெரியும்.

பருவத்தின் நாட்காட்டியைப் புரிந்துகொள்வது இவ்வேலையின் முதற்பாடம். நவம்பர் இறுதியில் பணியாளர் வந்து சேர்கின்றனர். இலையுதிர் காலத்தில் மூடிக்கிடந்த கட்டடத்தைத் திறந்து, மெத்தைகளைப் புரட்டி, குழாய்களில் நீர் ஓடுகிறதா என்று பார்த்து, ஒருவரையொருவர் அறியாத பல நாட்டவர் ஒரு குழுவாகப் பழகுவதற்குக் கிடைக்கும் காலம் அவ்வளவுதான். கிறிஸ்துமஸ், புத்தாண்டு ஆகிய இரு வாரங்களும் மிகக் கடினமானவை. புதியவர் பலர் அப்போதுதான் வேலையை விட்டு ஓடுகின்றனர். அதன்பின் ஜனவரியில் ஒரு தளர்வு வருகிறது. பிப்ரவரியில் சுவிஸ் பள்ளிகளின் விளையாட்டு விடுமுறையும் பிரிட்டன் போன்ற நாடுகளின் பள்ளி விடுமுறைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழ, குழந்தைகளோடு வரும் குடும்பங்களால் ஊர் நிறைகிறது. மார்ச்சில் பகல் நீண்டு, வெயில் ஏறி, விருந்தினர் மொட்டைமாடிகளில் அமரத் தொடங்குகின்றனர்; ஈஸ்டருக்குப் பிறகு கூட்டம் வடிந்துவிடுகிறது. வாடகை வீடுகளில் விருந்தினர் பெரும்பாலும் சனிக்கிழமை வந்து அடுத்த சனிக்கிழமை செல்வர் என்பதால், துப்புரவுப் பணியாளருக்கு அந்த ஒரு நாள் மற்ற ஆறு நாட்களுக்கும் ஈடானது: காலை பத்து மணிக்கு ஒரு குடும்பம் வெளியேறி, மாலை நான்கு மணிக்கு மற்றொன்று நுழையுமுன், ஈரமான சறுக்கு உடைகளும் மெழுகுக் கறைகளும் நிறைந்த வீடு புதிது போலாக வேண்டும்.

ஹோட்டல் பணியாளரின் ஒரு நாள் இரு துண்டுகளாக வெட்டப்பட்டது. காலை உணவு ஆறரைக்குத் தொடங்கி, நண்பகல் உணவோடு முதற்பகுதி முடிகிறது. மாலை ஆறு அளவில் மீண்டும் தொடங்கி, இரவு உணவின் கடைசித் தட்டு கழுவப்படும் வரை இரண்டாம் பகுதி நீள்கிறது. இவற்றுக்கு நடுவில் வரும் இரண்டு மூன்று மணி நேரம் ஊதியமில்லாத இடைவெளி. ஜெர்மன் பேசும் பகுதிகளில் இதனைச் சிம்மர்ஷ்டுண்டே, அதாவது அறைக்குச் சென்று இளைப்பாறும் நேரம், என்பர். தங்கும் அறை ஹோட்டலின் மேல்தளத்திலோ பக்கத்துத் தெருவிலோ இருக்குமானால், அந்த இடைவெளி உறங்கவும், துணி துவைக்கவும், சறுக்கப் போகவும் பயன்படுகிறது. அறை டேஷிலோ அதற்கும் கீழே ராண்டாவிலோ இருக்குமானால், ரயிலில் போய்த் திரும்புவதற்குள் பாதி நேரம் கழிந்துவிடுவதால், பலர் பணியாளர் உணவுக்கூடத்து நாற்காலியிலேயே தலை சாய்த்துக் கிடக்கின்றனர். வேலை நேரக் கணக்கில் இருவரும் ஒன்றே; உடலின் கணக்கில் அவ்வாறில்லை. பிப்ரவரி இறுதியில் யார் இன்னும் நிதானத்தோடு வேலை செய்கிறார், யார் தட்டுகளை உடைக்கிறார் என்பதை அவரவர் அறை எங்கே இருக்கிறது என்பதைக் கொண்டே பெரும்பாலும் கணித்துவிடலாம்.

உயரமான இடத்தின் சமையல் தனிப் பயிற்சியை வேண்டுவது. காற்றழுத்தம் குறையக் குறைய நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும் என்பதால், செர்மாட்டில் நீர் ஏறத்தாழ 95 பாகை செல்சியஸிலும், கோர்னர்கிராட்டின் உச்சியிலுள்ள சமையலறையில் 90 பாகை அளவிலும் கொதிக்கிறது. கொதிக்கும் நீரில் வேகவேண்டிய உருளைக்கிழங்கும் அரிசியும் பருப்பும் முட்டையும் தரைமட்டத்தில் பழகிய சமையற்காரரின் கைக்கணக்குக்கு அடங்குவதில்லை. நேரத்தைக் கூட்டவேண்டும், அல்லது அழுத்தக் கலன்களைப் பயன்படுத்தவேண்டும். பாத்திரம் கழுவுமிடம் இதனினும் கடினமானது. இயந்திரத்தைத் திறக்கும்போது எழும் ஆவியில் நின்றவர், குப்பைத் தொட்டியை எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தால், உறைநிலைக்குப் பதினைந்து பாகை கீழேயுள்ள காற்றில் நிற்கிறார். ஒரு மாலையில் இது பலமுறை நிகழ்கிறது. சூடேற்றிய அறைகளின் வறட்சியும் சவர்க்காரமும் சேர்ந்து விரல் கணுக்களை வெடிக்கச் செய்வதால், கையுறையும் இரவில் பூசும் கொழுப்புக் களிம்பும் இவ்வேலையின் கருவிகளாகவே எண்ணப்படவேண்டும். மூக்கில் இரத்தம் கசிவது முதல் வாரங்களில் இயல்பு. பனிக்கட்டி படிந்த பின்படிக்கட்டில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொள்வோர் தொகையும் குறைவன்று. காலணியின் மேல் மாட்டிக்கொள்ளும் முள்பட்டையை முதல் சம்பளத்துக்கு முன்பே வாங்கிவிடுமாறு பழகியவர்கள் புதியவர்களிடம் சொல்லுவர்.

சறுக்குக் கருவிகளை வாடகைக்குக் கொடுக்கும் கடையின் வேலை, வெளியே இருந்து பார்ப்பவருக்கு விற்பனை வேலையாகத் தோன்றினும், உண்மையில் அது ஒரு பாதுகாப்புத் தொழில். சறுக்குப் பலகையையும் காலணியையும் இணைக்கும் பூட்டுக்குப் பைண்டிங் என்று பெயர். சறுக்குபவர் விழும்போது குறிப்பிட்ட விசைக்கு மேல் அது தானே திறந்துகொண்டு காலை விடுவிக்கவேண்டும். அவ்விசை எவ்வளவு என்பதை விருந்தினரின் எடை, உயரம், வயது, திறமை, காலணி அடியின் நீளம் ஆகியவற்றைக் கொண்டு, பன்னாட்டுத் தர அட்டவணையின்படி கடைப் பணியாளர் கணித்து, திருகாணியைத் திருப்பி அமைக்கிறார். விசையைக் கூட்டி வைத்துவிட்டால் விழும்போது பூட்டு திறவாமல் முழங்கால் தசைநார் கிழியும். குறைத்து வைத்துவிட்டால் வேகமாகச் செல்கையில் காரணமின்றித் திறந்து ஆளைத் தூக்கி எறியும். எடையைக் குறைத்தும் திறமையைக் கூட்டியும் சொல்லும் பழக்கம் விருந்தினரிடம் பரவலாக இருப்பதால், புண்படுத்தாமல் உண்மையைக் கேட்டறிவதே இக்கடையின் பெரிய திறன். காலை எட்டரை மணிக்கு வரிசை தெருவரை நீளும்போதும் ஒவ்வொருவருக்கும் அந்த ஐந்து கேள்விகளைக் கேட்டே தீரும் பணியாளர் பெரும் மதிப்புக்குரியவர்.

ஊர் உறங்கும் நேரத்தில் மலையில் நடக்கும் வேலையை விருந்தினர் பார்ப்பதே இல்லை. சரிவுகள் மாலையில் மூடப்பட்டதும், காவற்பணியாளர் மேலிருந்து கீழாகச் சறுக்கி, எவரும் எஞ்சியிருக்கவில்லை என்பதை உறுதி செய்கின்றனர். அதன்பின் பனிச்சமன் வண்டிகள் ஏறுகின்றன. பகலில் குவிந்தும் குழிந்தும் போன பனியை அரைத்துப் பரப்பியபின், அத்துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகச் சில மணி நேரம் ஆகும் என்பதால், இவ்வேலையை விடியற்காலையில் அன்றி முன்னிரவிலேயே செய்வது நல்லது. செங்குத்தான சரிவில் வண்டி வழுக்கிவிடாதபடி, மேலே ஒரு தூணில் கட்டிய எஃகு வடத்தால் அது இழுத்துப் பிடிக்கப்படுகிறது. ஒரு கிலோமீட்டர் வரை நீளும் அவ்வடம் பனிக்குள் தளர்ந்து கிடந்து, வண்டி திரும்பும்போது திடீரென விறைத்து எழும். இருட்டில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. வேலை முடிந்தபின் நள்ளிரவில் சறுக்குவண்டியோடு மேலே போய்க் கீழே இறங்கும் ஆசை இளம் பணியாளரிடம் எப்போதும் உண்டு. ஆல்ப்ஸில் அவ்வடத்தில் மோதி உயிரிழந்தவர்கள் இருக்கின்றனர் என்பதை ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் அவர்களுக்கு வெளிப்படையாகச் சொல்வது மூத்தவர்களின் கடமை.

பெரும்பனி பெய்த மறுநாள் விடியலில் கேட்கும் வெடியோசை, சரிவுகளைத் திறக்குமுன் பனிச்சரிவைத் தாமே வரவழைத்து இறக்கிவிடும் பணியின் ஓசை. புதிய பனி, பழைய பனியின் மேல் ஒட்டாமல் ஒரு பலகை போலக் கிடந்து, சிறு சுமைக்கும் முறிந்து வழுக்குவதே பெரும்பாலான பனிச்சரிவுகளின் காரணம். வெடி வைத்து அப்பலகையை ஆளில்லாத நேரத்தில் முறிப்பதால் ஆபத்து தணிகிறது. 1930களிலிருந்து பனி ஆராய்ச்சி நடைபெற்றுவரும் டாவோஸ் நகரின் ஆய்வு நிறுவனம், ஐந்து படிகளில் அளக்கப்படும் அபாய அறிக்கையைக் குளிர்காலத்தில் மாலை ஐந்து மணிக்கும் காலை எட்டு மணிக்கும் வெளியிடுகிறது. 2018 ஜனவரியில் அபாயம் மிக உயர்ந்த ஐந்தாம் படியை எட்டியபோது, சாலையும் ரயிலும் மூடப்பட்டு ஏறத்தாழ 13,000 சுற்றுலாப் பயணிகள் செர்மாட்டில் சிக்கினர். வானம் தெளிந்த வேளைகளில் ஹெலிகாப்டர்கள் ஒரு பகுதியினரை வெளியே கொண்டு சென்றன. உலகச் செய்திகள் பயணிகளைப் பற்றியே பேசின. இத்தகைய நாட்களில் கீழூரில் குடியிருக்கும் பணியாளர் மேலே வர இயலாமல் போக, ஊருக்குள் தங்கியிருப்போர் அவர்களின் வேலையையும் சேர்த்துச் செய்து, போக வழியில்லாத விருந்தினரையும் அமைதிப்படுத்த வேண்டியிருக்கிறது. தொழிலாளியின் குடியிருப்பு ஹோட்டல்காரரின் தயவன்று, ஊரின் பாதுகாப்பு ஏற்பாடுகளுள் ஒன்று என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

குடியிருப்புச் சிக்கலுக்கு இரண்டாம் வீடுகள் மற்றொரு காரணம். ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே உரிமையாளர் வந்து தங்கி, எஞ்சிய காலம் சன்னல் அடைத்துக் கிடக்கும் வீட்டை இரண்டாம் வீடு என்பர். ஓர் ஊரின் குடியிருப்புகளில் இத்தகையவை 20 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்னும் முன்மொழிவை 2012 மார்ச் 11 அன்று சுவிஸ் மக்கள் 50.6 விழுக்காடு வாக்குகளால் ஏற்றனர். அதற்கான சட்டம் 2016 முதல் நடைமுறைக்கு வந்தது. மலையூர்களின் நிலம் மேலும் விழுங்கப்படாமல் அது காத்தது என்பது உண்மையே. எனினும் சட்டத்துக்கு முன்பே கட்டப்பட்ட வீடுகளுக்குக் கட்டுப்பாடு பெரும்பாலும் இல்லாததால், உள்ளூராரோ தொழிலாளரோ வாடகைக்கு இருந்த பழைய வீடுகள் நல்ல விலைக்குக் கைமாறி இரண்டாம் வீடுகளாகும் நிலை பல மலையூர்களில் ஏற்பட்டுள்ளது. விருந்தினருக்கு நாள் வாடகைக்கு விடுவது தொழிலாளருக்கு மாத வாடகைக்கு விடுவதைவிடப் பன்மடங்கு வருவாய் தருவதால், சந்தையை மட்டும் நம்பினால் இச்சிக்கல் தீராது என்பதே கட்டுரையாளரின் முடிவு. புதிய ஹோட்டலுக்கு அனுமதி கேட்பவர், இத்தனை பணியாளருக்கு இன்ன இடத்தில் அறை என்று காட்டிய பிறகே அனுமதி பெறவேண்டும்.

இன்றைய நெருக்கடியை முன்னிருந்த கொடுமையோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். 1931ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம் 1934இல் நடைமுறைக்கு வந்தது முதல், பருவத் தொழிலாளர் ஆண்டுக்கு ஒன்பது மாதம் மட்டுமே சுவிட்சர்லாந்தில் தங்கலாம். நடுவில் முதலாளியை மாற்றலாகாது. மனைவி மக்களை அழைத்து வரலாகாது. இத்தாலியர், ஸ்பானியர், யூகோஸ்லாவியர், போர்த்துகீசியர் எனத் தலைமுறை தலைமுறையாக இவ்விதியின் கீழ் உழைத்தனர். பிரிந்திருக்க மனமில்லாத பெற்றோர் குழந்தைகளைக் களவாக அழைத்து வந்து, பகல் முழுவதும் சத்தமின்றி அறைக்குள் இருக்கச் செய்தனர். பள்ளிக்குப் போகாமல், சன்னலருகே வராமல் வளர்ந்த அக்குழந்தைகள் பல்லாயிரவர். ஐரோப்பிய ஒன்றியத்தோடு செய்துகொண்ட தடையற்ற குடிபெயர்வு உடன்பாடு 2002இல் நடைமுறைக்கு வந்தபின்னரே இவ்விதி ஒழிந்தது. தொழிலாளரின் கொட்டகை எங்கே அமைகிறது என்பதில் காட்டும் அலட்சியம் உயிரையும் பறிக்கும் என்பதற்குச் செர்மாட்டுக்கு அடுத்த பள்ளத்தாக்கே சாட்சி: 1965 ஆகஸ்ட் 30 அன்று மாட்மார்க் அணை கட்டுமிடத்தில், பனியாற்றுக்கு நேர் கீழே அமைந்திருந்த தொழிலாளர் குடியிருப்பின் மேல் அல்லாலின் பனியாறு சரிந்து விழுந்து 88 பேர் மாண்டனர், அவர்களுள் 56 பேர் இத்தாலியர்.

இன்று செர்மாட்டின் வெளிநாட்டவருள் போர்த்துகீசியரே பெரிய இனத்தவர். பலர் பருவத்துக்கு வந்து, பின்னர் குடும்பத்தோடு தங்கிவிட்டவர்கள். சுவிஸ் உணவகச் சமையலறைகளில் ஈழத்தமிழருக்கும் நெடிய வரலாறு உண்டு. 1983க்குப் பின் புகலிடம் கோரி வந்தவர்கள், வேலை செய்ய அனுமதி கிடைத்ததும் பெரும்பாலும் சென்றடைந்த இடம், கோப்பை கழுவுதல் என்று அவர்கள் அழைத்த பாத்திரக் கழுவிடமே. பருவத் தொழிலாளருக்கு ஒன்பது மாதம் என்ற எல்லையாவது தெரிந்திருந்தது. புகலிடம் கோரியவருக்குரிய N அட்டையோடும், தற்காலிகமாக ஏற்கப்பட்டவருக்குரிய F அட்டையோடும் வாழ்ந்தவர்களுக்கோ அடுத்த ஆண்டு இங்கே இருப்போமா என்பதே தெரியாது. அந்நிலையிலும் கழுவிடத்திலிருந்து காய் நறுக்கும் மேசைக்கும், அங்கிருந்து அடுப்படிக்கும் உயர்ந்து, பின்னர் தாமே சமையற்காரராகி இளையவர்களுக்கு வேலை பழக்கிய அண்ணைமார் பலர். எழுத்துவடிவச் சான்றிதழ் இன்றிக் கைப்பழக்கத்தால் மட்டுமே கற்ற இத்தொழிலறிவு முறையாகப் பதிவு செய்யப்படவில்லை. புலம்பெயர் வரலாறு எழுதுவோர் அரசியலுக்குத் தந்த இடத்தில் ஒரு பங்கையேனும் இச்சமையலறைகளுக்குத் தருதல் வேண்டும்.

ஊதியத்தைப் பொறுத்தவரை, ஹோட்டல், உணவகத் தொழிலுக்கென நாடு முழுவதற்கும் பொருந்தும் கூட்டு ஒப்பந்தம் ஒன்று உண்டு. 2025இல் பயிற்சிச் சான்றிதழ் இல்லாதவருக்கு அது வகுத்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 3,706 பிராங்க். வேலை நேரம் பொதுவாக வாரத்துக்கு 42 மணி, பருவகால நிறுவனங்களில் 43.5 மணி; ஆண்டுக்கு ஐந்து வார விடுப்பும் பதின்மூன்றாம் மாதச் சம்பளமும் உண்டு. முதலாளி தரும் உணவுக்கும் உறைவிடத்துக்கும் சமூகக் காப்பீட்டு விதிகளில் மதிப்பு குறிக்கப்பட்டுள்ளது: மூன்று வேளை உணவுக்கு நாளொன்றுக்கு 21.50 பிராங்க், தங்குவதற்கு 11.50 பிராங்க், ஆக மாதத்துக்கு 990 பிராங்க். மருத்துவக் காப்பீட்டுக் கட்டணத்தையும் தொழிலாளியே செலுத்தவேண்டும். எனவே பெருந்தொகையாகத் தோன்றும் சம்பளம் கைக்கு வரும்போது வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. வேலை செய்த நேரத்தைப் பதிவு செய்யும் பொறுப்பு முதலாளியுடையது. அப்பதிவைத் தொழிலாளி மாதந்தோறும் பார்த்துக் கையெழுத்திடவேண்டும். படிக்காமல் கையெழுத்திடுவதே பருவத் தொழிலாளர் ஏமாறும் முதல் வழி. தாமும் ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் எழுதி வைப்பவரிடம் கணக்கில் தகராறு வருவது அரிது.

விபத்துக் காப்பீடு பற்றிய அறியாமையும் பரவலாக உள்ளது. ஒரே முதலாளியிடம் வாரத்துக்கு எட்டு மணி நேரமேனும் வேலை செய்பவருக்கு, வேலைக்கு வெளியே நேரும் விபத்துக்கும் சுவிஸ் சட்டப்படி காப்பீடு உண்டு. இடைவேளையில் சறுக்கப் போய் முழங்காலை முறித்துக்கொண்டவர்க்கும் மருத்துவச் செலவோடு, விபத்துக்குப்பின் மூன்றாம் நாள் முதல் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். ஆனால் அவர் படுத்திருக்கும் அறை வேலையோடு சேர்த்துத் தரப்பட்டது என்பதால், ஒப்பந்தம் முடியும் நாளில் ஊன்றுகோலோடு அதனைக் காலி செய்ய நேரிடலாம். குடிப்பழக்கம் இதனினும் பெரிய இடர். நள்ளிரவில் வேலை முடிந்து, களைப்பு தீராமல், அறையில் இன்னொருவர் உறங்கிக்கொண்டிருக்க, திறந்திருக்கும் ஒரே இடம் மதுக்கடை என்றானபின், நல்ல தொழிலாளர் பலர் பருவத்தின் பாதியிலேயே உடலையும் சேமிப்பையும் இழந்துவிடுகின்றனர். பணியாளர் கூடிச் சமைத்து உண்ணவும் பேசியிருக்கவும் ஒரு பொதுக்கூடம் உள்ள விடுதிகளில் இக்கேடு குறைந்திருப்பதைக் கண்கூடாகக் காணலாம். கதகதப்பான ஓர் அறையும், தாழிடக்கூடிய ஒரு பெட்டியும், சூடான சோறும் மனிதரை நிலைநிறுத்தும் வலிமை உடையவை.

ஈஸ்டர் முடிந்ததும் கட்டில் விரிப்புகள் மடிக்கப்பட்டு, கம்பிவட ஊர்திகள் பழுது பார்க்கப்படும் காலம் வருகிறது. போர்த்துகீசியர் சிலர் ஊருக்குச் செல்கின்றனர். சிலர் கோடைப் பருவத்துக்காக ஏரிக்கரை ஊர்களின் ஹோட்டல்களை நாடுகின்றனர். நல்லவர் என்று பெயரெடுத்தவருக்கு அடுத்த டிசம்பருக்கான கடிதம் புறப்படுமுன்பே கையில் கிடைத்துவிடுகிறது.

இத்தொழிலை விரும்பித் தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் விசாரிக்கும் இளைஞர்களுக்கு ஒரு செய்தியை அழுத்தமாகச் சொல்லவேண்டியுள்ளது. ஐரோப்பிய ஒன்றியமும் அதனோடு இணைந்த சில நாடுகளும் நீங்கலாக, பிற நாட்டவருக்குப் பாத்திரம் கழுவுதல், அறை துடைத்தல் போன்ற பயிற்சி வேண்டாத வேலைகளுக்குச் சுவிட்சர்லாந்து புதிதாக வேலை அனுமதி வழங்குவதில்லை. உயர்ந்த தகுதியுள்ள வல்லுநருக்கு வரம்பிட்ட எண்ணிக்கையிலும், சுவிஸ் ஹோட்டல் மேலாண்மைப் பள்ளிகளில் பயில்வோருக்குப் பயிற்சிக் காலத்துக்கும் மட்டுமே வழியுண்டு. ஆகவே, பணம் வாங்கிக்கொண்டு சுவிஸ் பனிச்சறுக்கு ஊரில் பருவ வேலை வாங்கித் தருவதாகச் சொல்லும் தரகரிடம் ஒரு ரூபாயும் கொடுக்கவேண்டாம்.